மண்டபத்தில் தங்கிவிட்ட சிரிப்பு

ஏழுபுளியூர் மில் தொழிலாளர் கல்யாண மண்டபத்தில் ஒரு சிரிப்பு குடியிருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் ‘அதெப்படி’ என்பார்கள், உள்ளூர்க்காரர்கள் ‘அதுக்கென்ன இப்ப’ என்பார்கள். இருந்தது, அவ்வளவுதான். மேலே மின்விசிறி இருந்தது, பின்னால் சமையல்கட்டு இருந்தது, மாப்பிள்ளை அறையில் தாழ்ப்பாள் சரியில்லாத கதவு ஒன்று இருந்தது, அதுமாதிரி ஒரு சிரிப்பும் இருந்தது. அது யாருடைய சிரிப்பு என்பது ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் தவசிலிங்கத்திடம் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள், ஏனென்றால் எடுத்தால் அவர் பெண்டாட்டி சீனியம்மாளின் முகத்தைப் பார்க்கவேண்டி வரும், அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது.

தவசிலிங்கம் மில்லில் நூல் நூற்கிற பிரிவில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவனிடம் ‘மணி என்ன’ என்று கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து கத்தவேண்டும், சிரிப்பதென்றால் கேட்கவே வேண்டாம். அந்த மனிதருக்குச் சிரிப்பு வரும்போது முதலில் மூச்சுத் திணறுகிற மாதிரி இருக்கும், பார்க்கிறவன் பதறிப்போய் தண்ணீர் எடுக்க ஓடுவான், அப்புறம் தோள் ரெண்டும் குலுங்கும், அப்புறம் ‘ஹோ’ என்று ஒன்று கிளம்பும் பாருங்கள், தெருமுனையில் கட்டிக்கிடக்கிற எருமை அசைபோடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். சீனியம்மாள் தாலுகா ஆபீஸ் எழுத்தர் மகள். சோறு கேட்டால்கூட பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் கேட்கவேண்டும் என்று சொல்லி வளர்த்த வீடு அது. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் புருஷனிடம் ஒரு வார்த்தையைச் சொல்லாத நாளில்லை.

“மெதுவாங்க. ஊருக்கே கேக்குது.”

உடனே அவர் நிறுத்திவிடுவார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி சீனி, சரி சீனி” என்பார். பிரியமில்லாத பெண்டாட்டி என்று அவளை நினைத்துவிடாதீர்கள், பாவம். தனக்குப் பிடிக்காத கருவாட்டை அவருக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு குழம்பு வைப்பாள், அவருக்குக் காய்ச்சல் என்றால் அய்யனாருக்குக் காசு முடிந்து வைத்துவிட்டு ராத்திரி பூராவும் காலடியில் உட்கார்ந்திருப்பாள். அந்தச் சத்தம் ஒன்றுதான் அவளுக்கு ஆகாது. வேலை முடிந்து வந்ததும் அவர் “இன்னைக்கு மில்லுல என்ன ஆச்சு தெரியுமா” என்று ஒரு கதையை ஆரம்பிப்பார், கதை பாதி வந்ததுமே அவருடைய மூச்சு திணற ஆரம்பிக்கும், அந்தத் திணறலைக் கேட்டதும் அவள் “அடுப்புல பால் கிடக்கு” என்று எழுந்து போய்விடுவாள். ஒரு ஆயுசுக்கு எத்தனை பால் பொங்கும், நீங்களே சொல்லுங்கள்.

அந்த வருஷம் ஆடி முடிந்ததும் வானொலி நிலையத்தார் வேன் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தார்கள். அழைக்கப்பட்ட நேயர்கள் முன்னிலையில் ஒரு மாலை நேரக் கலைநிகழ்ச்சி, முதலில் நாதஸ்வரம், அப்புறம் மெல்லிசை, அப்புறம் நகைச்சுவை நாடகம், கடைசியில் குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் தேவை சம்பாத்தியமா சகிப்புத்தன்மையா என்று ஒரு பட்டிமன்றம். எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு போய் ஒரு வாரம் கழித்து ஒலிபரப்புவார்களாம். ரேடியோவில் பட்டுச்சேலை தெரியுமா, மல்லிகைப்பூ மணக்குமா என்று ஒருத்தியும் கேட்கவில்லை, ஊரே கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பிப் போய் மண்டபத்தில் உட்கார்ந்தது. சீனியம்மாளும் அவள் புருஷனும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நேர்முன்னால் உட்கார்ந்திருந்தது யாரென்றால் சங்கரன்கோவில் மாரித்தங்கமும் அவர் வீட்டு ஆட்களும். தன் மகனுக்குச் சீனியம்மாளின் மகள் செண்பகத்தைப் பெண் பார்த்துவிட்டுப் போய், பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்த அம்மாள் அவர். அன்றைக்கு நிகழ்ச்சி பார்க்கிற சாக்கில் வந்திருக்கிறார், பதிலும் கையோடு வந்திருக்கும் என்று சீனியம்மாளுக்கு ஒரு நம்பிக்கை.

மேடைக்கு வந்த அறிவிப்பாளர் அம்மா, “இந்தச் சிவப்பு விளக்கு எரியும்போது யாரும் பேசக்கூடாது, செல்போனை அணைச்சிருங்க, இருமல் வந்தா துண்டை வச்சுப் பொத்திக்கோங்க, ஆனா சிரிப்பு வந்தா மட்டும் தாராளமா சிரிங்க, அது எங்களுக்கு வேணும்” என்று சொன்னார். இதைத் தவசிலிங்கம் காதில் வாங்கிக்கொண்டார். சீனியம்மாள் காதில் சிவப்பு விளக்கு மட்டும்தான் விழுந்தது.

நாடகத்தில் புதுமாப்பிள்ளை ஒருவன் மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறான். கூச்சத்தில் எதை வைத்தாலும் ‘போதும் அத்தை, போதும் அத்தை’ என்று பட்டினியாகவே எழுந்துவிட்டு, விளக்கணைத்த பிறகு அடுப்படிக்குள் புகுந்து இருட்டில் பணியாரச் சட்டியைத் தடவுகிறான். காலடிச் சத்தம் கேட்கிறது. ‘யாரது?’ என்கிறார் மாமனார். ‘மியாவ்’ என்கிறான் மாப்பிள்ளை. ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் மாமனார் ரகசியக் குரலில், ‘பூனையாரே, எனக்கும் ரெண்டு வச்சிருங்க, உங்க அத்தைகிட்ட சொல்லிராதீங்க’ என்கிறார்.

தவசிலிங்கத்துக்கு மூச்சுத் திணறியது. தோள் குலுங்கியது. ‘ஹோ’ என்று அது கிளம்பியது, மண்டபத்து ஓட்டில் உட்கார்ந்திருந்த புறாவெல்லாம் ஒருசேரப் பறந்தன, முன்னால் உட்கார்ந்திருந்த மாரித்தங்கம் திரும்பிப் பார்த்தார். சீனியம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. புருஷன் தொடையில் சதையோடு சேர்த்து ஒரு கிள்ளு கிள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு, “மெதுவாங்க, ஊருக்கே கேக்குது” என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பாதிச் சிரிப்பு வெளியே வந்திருந்தது, பாதி உள்ளே இருந்தது. வாசல் அடைபட்டதும் உள்ளே இருந்தது வேறு ஏதோ வழியாக வெளியேறி மற்றதோடு போய்ச் சேர்ந்துகொண்டது, முழுச் சிரிப்புமாகச் சேர்ந்து போக இடமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டது. நாடகம் முடிந்தது, சகிப்புத்தன்மைதான் என்று பட்டிமன்றத்தில் தீர்ப்பு சொன்னார்கள், ஊர் கலைந்தது. அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு பெண்டாட்டி பின்னாலேயே வீட்டுக்குப் போய் ரசஞ்சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் கூட்டிப் பெருக்க வந்தவர்களில் ஒருத்தி வழுக்கி விழுந்து, விழுந்த வேகத்தில் வாளிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள், ஆளில்லாத மூன்றாவது வரிசையிலிருந்து ‘ஹோ’ என்று சிரிப்பு வந்தது. அவள் வாளியோடு எழுந்து இடுப்பில் கைவைத்து, “தவசி அண்ணே, உங்க சிரிப்பை விட்டுட்டுப் போயிட்டீக” என்று காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். மண்டப மேனேஜர் குருவையா வந்து கேட்டார். ஆமாம், அவருடையதுதான். “யாராவது குடையை மறந்து வச்சுட்டுப் போனா நாம எடுத்து வைக்கிறதில்லையா, அதுமாதிரி இருக்கட்டும், வந்து எடுத்துக்கிடுவாரு” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

தவசிலிங்கம் எடுக்க வரவில்லை. தொலைந்தது தெரிந்தால்தானே ஒருவன் தேடி வருவான். அவர் மில்லுக்குப் போனார், வந்தார், கதை சொல்வதை நிறுத்திவிட்டார், யாராவது வேடிக்கையாகப் பேசினால் கூட்டத்தோடு கூட்டமாகப் பல்லைக் காட்டினார், சத்தம் மட்டும் இல்லை. சீனியம்மாளுக்கு முதலில் அது நிம்மதியாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். ‘அப்பாடா, மனுஷனுக்கு இப்பத்தான் பக்குவம் வந்திருக்கு’ என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கூடக் கொண்டாள். ஒரு வாரம் கழித்து நிகழ்ச்சியை ரேடியோவில் போட்டார்கள். ஊரே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டது. பூனையார் வந்தார், சிரிப்பு கிளம்பியது, பாதியில் அறுந்தது, அறுந்த இடத்தில் ஒரு பெண்பிள்ளையின் குரல் சன்னமாக, ஆனால் எழுத்து எழுத்தாக, ‘மெதுவாங்க, ஊருக்கே கேக்குது’ என்றது. ஊருக்கே கேட்டது என்றால் அதுதான் கேட்டது. சீனியம்மாள் ரேடியோவை அணைக்க எழுந்தாள், அதற்குள் பட்டிமன்றம் ஆரம்பித்துவிட்டது.

ஊர் அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்தது என்று கேட்டால், புதிதாய் வந்த மருமகளை வைத்துக்கொண்டு செய்வதையெல்லாம் செய்தது. முதலில் வேடிக்கை பார்த்தது, அப்புறம் குறை சொன்னது, அப்புறம் அது இல்லாமல் ஒரு காரியமும் ஆகாது என்றது. தாலி கட்டுகிற நேரத்தில் அது சிரித்தால் அந்தத் தம்பதிக்குக் குறைவே வராது என்று யாரோ கிளப்பிவிட, சிவகிரியிலிருந்தெல்லாம் வந்து மண்டபத்துக்குத் தேதி கேட்டார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் ஆளுக்கு ஒரு கூட்டம் நடத்திப் பார்த்தார்கள், வாக்குறுதி சொல்லும்போதெல்லாம் அது சிரித்ததில் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு பெரிய மனிதர் செத்தபோது இரங்கல் கூட்டம் நடந்தது. ‘எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்’ என்று பேச்சாளர் சொன்னதும் மூன்றாவது வரிசை ‘ஹோ’ என்றது, சபை விறைத்துப்போயிற்று, செத்தவருடைய பெண்டாட்டி தலையைத் தூக்கி, “அது சரியாத்தான் சிரிக்குது, நீங்க மேல பேசுங்க” என்றார். அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை என்று ஒரு வழக்கம் தானாக ஏற்பட்டது. கல்யாணப் பந்தியில் அதற்கும் ஒரு இலை போட்டு ஒரு பணியாரம் வைத்தார்கள்.

மாரித்தங்கம் சம்மதம் சொல்லி, தை மாதம் செண்பகத்துக்கும் அதே மண்டபத்தில்தான் கல்யாணம் நடந்தது. பெண்ணைப் பெற்றவர் மேடையில் விறைத்த சட்டையோடு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார், மாப்பிள்ளை தாலியை மூன்றாவது முடிச்சுப் போடத் தெரியாமல் விரலையும் சேர்த்து முடிந்துகொண்டபோது அவருடைய சிரிப்பு கீழே மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து மண்டபம் முழுக்க உருண்டது. கூட்டமும் சேர்ந்து சிரித்தது. செண்பகம் மட்டும் தாலி ஏறின கையோடு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவள் அழுதுவிட்டாள்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை மடிக்கும்போது மாரித்தங்கம் சீனியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “மதினி, ஒண்ணு சொல்லட்டா? எங்க வீடு சிரிப்பாணி செத்த வீடு. எங்க வீட்டு ஆளு போனபிறகு ஒருத்தரும் வாய்விட்டுச் சிரிச்சதில்ல. அன்னைக்கு ரேடியோக்காரங்க வந்தப்ப அண்ணாச்சி சிரிச்சாக பாருங்க, திரும்பிப் பாத்தேன். இப்படிச் சிரிக்கிற மனுசன் வளத்த பிள்ளை நம்ம வீட்டுக்கு வரட்டும்னு அந்த நிமிசமே முடிவு பண்ணிட்டேன். அதுக்கு முன்னால வேற இடம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

சீனியம்மாள் கையிலிருந்த வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள், இலை கிழிந்து விரலில் சுண்ணாம்பு எரிகிற வரைக்கும் தடவிக்கொண்டே இருந்தாள்.

அன்றையிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புதான், அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கூட்டிவந்துவிடவேண்டும். மகள் போய்விட்ட பிறகு வீட்டில் ரெண்டே பேர், அதில் ஒருவருக்குச் சத்தமில்லை. மண்டபம் காலியாக இருக்கிற மத்தியான நேரமாகப் பார்த்துப் போனாள். அவர் தோள்துண்டை அந்த நாற்காலியில் விரித்து, பக்கத்தில் உட்கார்ந்து, “வாங்க, வீட்டுக்குப் போவோம்” என்று கூப்பிட்டாள். அது வரவில்லை. சிரிப்பை வேறு எப்படி அழைப்பது, கதை சொல்லித்தானே அழைக்கவேண்டும்! “மில்லுல ஒரு மேஸ்திரி பொய்ப்பல்லை நூல் கூடைக்குள்ள போட்டுட்டாராம்” என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவளுக்கு மேலே தெரியவில்லை. அன்றைக்கு அந்த இடத்தில்தான் பால் பொங்கியது. “ஒருத்தன் ஆட்டுக்குட்டியை சைக்கிள்ல வச்சு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனானாம்” என்றாள். அங்கே அரிசி உலை கொதித்தது. அவர் சொன்ன கதைகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தன, அத்தனையும் பாதி பாதியாக இருந்தன. வீட்டுக்கு ஓடி, “ஏங்க, அந்தப் பொய்ப்பல்லு கூடைக்குள்ள விழுந்துச்சே, அப்புறம் என்னாச்சு?” என்று கேட்டாள். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “நினைவில்லையே சீனி. எடுத்திருப்பாரு” என்றார்.

அடுத்த ஆடியில் வானொலிக்காரர்கள் மறுபடி வந்தார்கள். பாதிச் சிரிப்பைக் கேட்ட நேயர்கள் மிச்சத்தையும் கேட்க ஆசைப்பட்டார்களாம், இந்தத் தடவை நேரடி ஒலிபரப்பு. சீனியம்மாள் ஜென்மத்தில் முதல் தடவையாக ஊர்ப் பெரியவர்கள் நடுவில் நின்று சத்தமாகப் பேசினாள். அதே நாடகத்தைப் போடவேண்டும், அவரை அதே நாற்காலியில் உட்காரவைக்கவேண்டும், அது அவரிடம் திரும்பிவிடும் என்றாள்.

குருவையா தலையைச் சொறிந்தார். “தங்கச்சி, கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா? அது இப்ப ஊருக்குப் பொதுவா ஆயிப்போச்சு. அதை நம்பித் தேதி குடுத்திருக்கோம்.”

“ஊருக்குப் பொதுவா உங்களுக்குத் தெரியுது அண்ணே. எனக்கு வீட்டுல அடுப்பெரியிற சத்தம்தான் கேக்குது. அந்த நாற்காலியில ஒருவாட்டி அவர் சிரிச்சிட்டாப் போதும், அப்புறம் அவரே தினம் வந்து உங்க மண்டபத்துல உக்காந்து சிரிப்பாரு, நான் அனுப்பி வைக்கிறேன்.”

ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. பூனையார் வசனம் வரும்போது வேறு ஒருத்தரும் சிரிக்கக்கூடாது, எல்லோரும் அடக்கிக்கொள்ளவேண்டும், அந்த இடத்தை அவருக்கென்று விட்டுவிடவேண்டும். மாரித்தங்கம்கூட சங்கரன்கோவிலிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தவசிலிங்கத்துக்கு வெள்ளை வேட்டி கட்டி, சீனியம்மாளே கையைப் பிடித்துக் கூட்டிவந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். “என்ன சீனி, எல்லாரும் நம்மளையே பாக்குறாக” என்றார் அவர். நாதஸ்வரம் முடிந்தது, பாட்டு முடிந்தது, நாடகம் தொடங்கியது, சிவப்பு விளக்கு எரிந்தது.

‘யாரது?’

‘மியாவ்.’

‘பூனையாரே, எனக்கும் ரெண்டு வச்சிருங்க...’

ஊர் மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டது. அந்த அமைதியில் சிரிப்பு எழுந்து வந்ததை எல்லோரும் உணர்ந்தார்கள், காற்றில்லாமல் பெண்களின் தலைப்பூ அசைந்தது, அது வந்து தவசிலிங்கத்தின் முகத்துக்கு நேரே நின்றது. அவருக்கு மூச்சுத் திணறியது. தோள் குலுங்கியது. வாய் திறந்தது. திறந்த வாயோடு அவர் திரும்பிச் சீனியம்மாளின் முகத்தைப் பார்த்தார், சிரிக்கலாமா என்று கேட்கிற மாதிரி பார்த்தார்.

சிரிங்க என்று அவள் சொல்லவேண்டியதுதான். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் வருஷக்கணக்காகக் கட்டிக்காத்த மரியாதை இருக்கிறதே, அது நேரம்காலம் பார்க்காது. வாயெடுத்தவள் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டாள். நேரடி ஒலிபரப்பு, குரல் போய்விடும், ஊருக்கே கேட்கும் என்று ஒரு கணம் தொண்டை தானாக அடைத்துக்கொண்டது, உதடு மட்டும் அசைந்தது. சத்தமில்லாமல் அசைகிற அந்த உதட்டிலிருந்து அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை மெதுவாங்க என்பதுதான். அவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

சிரிப்பு அவர் முகத்துக்கு முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் உயர எழும்பி, மேடைக்கு மேலே தொங்கிய மைக் பக்கமாகப் போய், அதற்குள் நுழைந்து, ‘ஹோ’ என்று முழுசாக, பாதியில் அறுபடாமல், ஜில்லா முழுக்கப் போய்விட்டது. டீக்கடையில் நின்றவர்கள், லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், வயல்காட்டில் தண்ணீர் பாய்ச்சியவர்கள் எல்லோரும் கேட்டு அவர்களும் சிரித்தார்களாம். சிவப்பு விளக்கு அணைந்ததும் சீனியம்மாள், “சிரிங்க, சிரிங்க, சிரிங்க” என்று மண்டபமே அதிரக் கத்தினாள். கேட்பதற்குச் சிரிப்பு அங்கே இல்லை.

ஊர் கொஞ்ச நாள் அவளைத் திட்டியது, அப்புறம் மறந்தது. அந்த நாற்காலியில் இப்போது யார்யாரோ உட்காருகிறார்கள். தவசிலிங்கம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். சீனியம்மாள் வீட்டில் சாயங்காலமானால் ரேடியோ ஓடும், எந்த நிலையத்தில் நகைச்சுவை நேரம் எந்தக் கிழமை வருகிறது என்று அவளிடம் கேட்டால் சொல்லுவாள், அடுப்பில் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். எங்கோ தூரத்து ஊரில், யாரோ போடுகிற நாடகத்தில், கூட்டம் சிரிக்கும், அந்தச் சிரிப்புகளுக்கு நடுவில் அது வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

போன ஐப்பசியில் ஒரு மழைநாள் சாயங்காலம் அது வந்தது. முதலில் மூச்சுத் திணறல், அப்புறம் ‘ஹோ’. சந்தேகமே இல்லை. சீனியம்மாள் பாய்ந்துபோய்ச் சத்தத்தை முழுசாகத் திருகி வைத்து, கதவை விரியத் திறந்துவிட்டு, அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். “கேளுங்க, நல்லாக் கேளுங்க, யாருன்னு தெரியுதா?”

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். “யாரோ மனசு நிறைஞ்சு சிரிக்கிறான். நல்ல ஆளா இருப்பான் போல.”

அப்புறம் அவள் கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டு, தன்னால் ஏதோ தப்பு நடந்துவிட்ட மாதிரி மெல்ல எழுந்து ரேடியோவுக்குப் போனார்.

“குறைச்சு வச்சிர்றேன் சீனி. ஊருக்கே கேக்கும்.”